உள்ளே யாரும் இல்லை

இந்த அறையில் இருக்கிற ஹீட்டரின் சுடர் மஞ்சளாக எரிகிறது, ஐயா. நீலமாக எரிய வேண்டும். யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நல்லது. குளிரும்தான். ஆனால் குளிர் உள்ளே வந்தால் உடம்புக்குத் தெரியும். மற்றது வந்தால் தெரியாது.

நன்றி. மாத்தே டீ போதும், இன்னொரு முறை ஊற்ற வேண்டாம்.

நீங்கள் என் அண்ணனைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் வீட்டைப் பற்றித் தொடங்குகிறேனே என்று கோபிக்காதீர்கள். வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

இந்த எஸ்கெல் ஊரில், மலை ஏறுகிற தெருவில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா கட்டியது. அப்பா அம்மா போன பிறகு அண்ணன் ஒவீதியோ அதில் இருந்தான். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கடற்கரைப் பக்கம், மாத்ரினில், துணிக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நானும் தனி ஆள்தான். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒவ்வொரு மே மாதமும், குளிர்காலம் தொடங்கிப் பனி கெட்டிப்படுவதற்கு முன்னால், நான் பஸ் ஏறி இங்கே வருவேன். வீட்டை மூடிவிட்டு அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போவேன். அக்டோபரில் வந்து திறப்போம்.

காலியாகக் கிடக்கிற வீட்டைக் குளிர் சும்மா விடாது, ஐயா. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் நிற்கிற தண்ணீர் உறைந்து பருத்து இரும்பையே பிளந்துவிடும். யாரும் இல்லாத வீட்டில் அது வசந்தத்தில் உருகும்போதுதான் தெரியும், மரத்தரை எல்லாம் ஊறித் தூக்கிக்கொண்டு நிற்கும்போது. அதனால் தெருப்பக்கத்து வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டு வரை வடிய விடுவேன். கக்கூஸ் தொட்டியைத் துணியால் ஒற்றி எடுப்பேன். தொட்டிகளுக்கு அடியில் வளைந்து போகிற குழாய்களில் காருக்கு ஊற்றுகிற உறையாத திரவத்தை ஊற்றுவேன். புகைபோக்கியில் பறவை கூடு கட்டாமல் சாக்கை அடைத்து வைப்பேன். கம்பளிகளைப் பூச்சி அரிக்காமல் பெட்டியில் பூட்டுவேன். ஜன்னல்களின் வெளிப்பலகைகளைச் சாத்தி இரும்புப் பட்டையைப் போடுவேன். விறகை வெளிக் கொட்டகைக்கு மாற்றிவிடுவேன். வீட்டுக்குள் இருந்தால் கறையான் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் கேஸ். அதை நான் மட்டும்தான் மூடுவேன். அண்ணனை விடமாட்டேன்.

அவன் வாசலில் நின்று எதிர் வீட்டு சுலேமாவிடம் கத்துவான். "பாத்தியா சுலேமா, எர்மி வந்துட்டா. வீட்டுக்குப் பெட்டி அடிக்கறா."

சுலேமாவுக்குக் காது மந்தம். "என்னது? ரொட்டி சுடறாளா?" என்பாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

சிரிக்க வைக்கத் தெரிந்தவன்தான். அதை நான் மறுக்கவில்லை.

எனக்குக் கேஸ் என்றால் பயம். இதை ஊரில் எல்லாரும் சொல்வார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். நான் நாலாவது படிக்கும்போது எங்களுக்குப் பின்பக்கத்து வீட்டில் நியேவெஸ் என்று ஒருத்தி இருந்தாள். தினமும் காலையில் நான் போய்க் கூப்பிட்டால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். ஒரு நாள் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து எட்டிப் பார்த்தேன். அவளும் அவள் தம்பியும் அவர்கள் அம்மாவும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள். கன்னமெல்லாம் ரோஜா நிறம். அவ்வளவு ஆரோக்கியமாக நியேவெஸை நான் பார்த்ததே இல்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். ஹீட்டர் கெட்ட புகையை உள்ளேயே விட்டிருக்கிறது; அந்தப் புகையில் செத்தால் முகம் அப்படித்தான் சிவக்குமாம். குளிர் வருகிறது என்று அவள் அம்மா காற்றுத் துவாரத்தில் துணியை அடைத்திருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

அதிலிருந்து நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காற்றுத் துவாரத்தைத்தான் பார்ப்பேன். இந்த அறைக்குள் வந்ததும் பார்த்தேன்.

போன கோடையில் அண்ணன் கொட்டகை ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அது பரவாயில்லை. ஆனால் அதற்கப்புறம் மனசும் கொஞ்சம் கலங்கிவிட்டது. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுவான். அடுப்பறையைச் சூடாக்க ஓவன் கதவைத் திறந்து வைத்துக் கேஸைத் திருப்புவான், பற்ற வைத்தோமா இல்லையா என்று நினைவிருக்காது. சுலேமா, போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, எனக்குக் கூப்பிட்டுச் சொல்லுவாள். நான் மாத்ரினில் உட்கார்ந்துகொண்டு, போன் மணி அடித்தாலே எடுக்கப் பயப்படுவேன். வீடு வெடித்துவிட்டது என்று யாரோ சொல்லப் போகிறார்கள். சுலேமா வீடும் சேர்ந்து போயிற்று என்று சொல்லப் போகிறார்கள். இப்படியே எத்தனையோ மாதம். அப்படி ஒரு பயத்தோடு நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்களா, ஐயா? சாப்பிட முடியாது. கடைக்குப் போனால் பாதியில் திரும்பி வந்து போன் பக்கத்தில் உட்காருவேன்.

இந்த மே மாதம் நான் வந்து இறங்கிய காலையில் வாசல் கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. அண்ணன் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். வாயில் சிகரெட், கையில் லைட்டர்.

வாசலிலேயே நின்றேன். கத்தவும் பயம். கத்தினால் திடுக்கிட்டு லைட்டரைப் பற்ற வைத்துவிடுவானோ என்று. மெதுவாகத்தான் சொன்னேன்.

"அண்ணா. அதக் கீழ வை."

"வந்துட்டியா எர்மி! என்ன முகமெல்லாம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"லைட்டரக் கீழ வைண்ணா. கேஸ் நாறுது."

"எனக்கு ஒண்ணும் நாறலயே. மூக்கு அடைச்சிருக்கு. சளி."

நான் போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லைட்டரை எடுத்தேன். வால்வை மூடினேன். ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். காற்றுத் துவாரத்தைப் பார்த்தேன். செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பயந்தாங்கொள்ளி" என்றான். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். தீக்குச்சியப் பாத்தாலே அம்மா பாவாடைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவே."

"மூட்டை கட்டு. நாளைக்கு பஸ்."

"நான் வரல."

"என்ன?"

"இந்தத் தடவை வரலன்னேன். உன் ஊர்ல பூரா கடல்நாய் நாத்தம். உன் வீட்டுல காலை நீட்டினா சுவத்துல இடிக்குது. சிகரெட் பிடிச்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறே. இது என் வீடு. இங்கதான் இருப்பேன்."

என் வீட்டில் அவன் என் கட்டிலில் படுத்தான், ஐயா. ஒவ்வொரு குளிர்காலமும் நான் சோபாவில் படுத்தேன். அதை அவனுக்கு நான் சொல்லிக்காட்டியதே இல்லை. இப்போதும் அதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. அது முக்கியம் இல்லை.

மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. படுத்துவிட்டான். நான் கேஸ் அலுவலகத்துக்குப் போனேன். நியாயமாகத்தான் பேசினேன். அண்ணனுக்கு நினைவு சரியில்லை, வீட்டுக்குக் கேஸை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆள் இருக்கற வீட்டுக்குக் குளிர்காலத்துல நிறுத்த முடியாதும்மா. விறைச்சுப் போயிடுவாங்க. டாக்டர்கிட்டயோ நகராட்சியிலயோ பேசுங்க, யாராவது வந்து பாப்பாங்க. காலி வீடுன்னா சொல்லுங்க, இன்னைக்கே ஆள் அனுப்பறேன்."

நகராட்சி என்றால் எத்தனை நாள் ஆகுமோ. டாக்டர் வந்தால் அண்ணன் அவரோடு ஜோக் அடித்துச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவான். அவன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. நான்தான் எப்போதும் பைத்தியம் மாதிரி நிற்பேன்.

"காலி வீடுதான்" என்றேன்.

மத்தியானம் ஆள் வந்தான். மீட்டர் பெட்டி வாசலுக்கு வெளியே, வேலியோரம் இருக்கிறது. அவன் உள்ளே வர வேண்டிய வேலை இல்லை. வால்வை மூடி ஈய முத்திரை போட்டான். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"உள்ளே யாரும் இல்லையே?"

"இல்ல" என்றேன். "உள்ளே யாரும் இல்ல."

இதை எப்படி உங்களுக்குச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. கலங்கின மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. காலி வீட்டை என்ன செய்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் செய்கிறேனே.

அதனால் செய்தேன்.

தெருப்பக்கத்துத் தண்ணீர் வால்வை மூடினேன். குழாய்களைத் திறந்துவிட்டேன். பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"என்னடி சத்தம் அது?"

"குழாயைப் பாக்கறேண்ணா."

"தண்ணி கொண்டா. நாக்கு ஒட்டுது."

வடிய விடுவதற்கு முன்னால் ஒரு கெட்டில் பிடித்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு டம்ளர் கொடுத்தேன். தலையைப் பிடித்துத் தூக்கி, காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தேன். மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். கெட்டிலில் தண்ணீர் நின்றால் அடி பிளந்துவிடும்.

"ஹீட்டர் அணைஞ்சிருக்கு போல. குளிருது எர்மி."

"பாக்கறேன்."

"நீ நல்லவடி. நான்தான் வாய் நீளம்."

அப்படிச் சொன்னான். மாத்திரையில் தூங்கிவிட்டான்.

மற்றதையெல்லாம் வழக்கம்போலத்தான் செய்தேன். உறையாத திரவம் ஊற்றினேன். புகைபோக்கியில் சாக்கை அடைத்தேன். விறகைக் கொட்டகைக்கு மாற்றினேன். கம்பளிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவன் மேல் கிடந்த ஒன்றை எடுக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கொடுமைக்காரி இல்லை. வாக்கரை மடித்துக் கொட்டகையில் ஏணிக்குப் பக்கத்தில் வைத்தேன். மேஜையில் அவன் போன் கிடந்தது, அதை என் பையில் போட்டுக்கொண்டேன். காலி வீட்டில் விலை உள்ள பொருளை விட்டுவைப்பது திருடனைக் கூப்பிடுவது மாதிரி. மெயின் சுவிட்சை இறக்கினேன். வெளியே வந்து ஜன்னல் பலகைகளைச் சாத்திப் பட்டைகளைப் போட்டேன். பின்னறை ஜன்னலுக்குப் போடும்போது பலகை மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. பட்டையைப் போட்டேன். கதவை இரண்டு சுற்றுப் பூட்டினேன்.

சுலேமா தெருவுக்கு வந்தாள். "ஒவீதியோ எங்க?"

"நேத்தே அனுப்பிட்டேன்" என்று காதருகே கத்தினேன். "ஆஸ்பத்திரி வண்டி ஒண்ணு கடற்கரைக்குப் போச்சு. அதுல படுக்க வச்சு அனுப்பிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லிக்காமப் போயிட்டானா, கழுதை? வரட்டும், அக்டோபர்ல காதைத் திருகறேன்." என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தாள். அவனுக்குப் பிடிக்கும் என்று பொரித்த ரொட்டி. இன்னும் சூடாக இருந்தது. பஸ்ஸில் நான் சாப்பிட்டேன்.

பஸ் சமவெளியில் இறங்கும்போது பனி பெய்ய ஆரம்பித்தது. எனக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. எதற்கென்று நினைக்கிறீர்கள்? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டேனா, மறந்துவிட்டேனா என்று. ஒரு குழாய் போதும், வீடு பாழாக. டிரைவரிடம் போய் வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணனைப் பற்றி அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் உண்மையைச் சொல்கிறேன். என் மனசில் வீடு காலியாக இருந்தது.

உங்கள் ஆட்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழாயாவது வெடித்திருக்கிறதா? தரையில் ஒரு சொட்டு ஈரம் உண்டா? கேஸ் நாற்றம்? சொல்லுங்கள். கதவைத்தான் அவர்கள் கடப்பாரையால் நெம்பிவிட்டார்கள். சாவி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இப்போது அந்தச் சந்து வழியாகப் பனி உள்ளே அடித்துக்கொண்டிருக்கும். யாராவது ஒரு பலகையாவது அடித்து வைத்தார்களா?

சரி. நீங்கள் சுலேமாவின் போனைப் பற்றிக் கேட்டீர்கள். நான் மறக்கவில்லை. அதற்கு வரலாம் என்றுதான் இருந்தேன்.

முதல் தடவை அவள் கூப்பிட்டது நான் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள். "எர்மி, உன் வீட்டுலேர்ந்து ஏதோ தட்டற மாதிரி இருக்கு. எனக்குச் சரியாக் கேக்கல. ஆனா என் நாய் உன் வேலிகிட்ட நின்னு ஊளையிடுது."

"காத்தா இருக்கும்" என்றேன். "இந்த வருஷம் காத்து பலம்."

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அது என்ன பயம் என்று எனக்கே புரியவில்லை. கேஸ் மூடியிருக்கிறது, தண்ணீர் மூடியிருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். நான் அலறிவிட்டேன்.

இரண்டாவது தடவை அவள் குரல் மாறியிருந்தது. "நான் போய்ப் பின்னறைப் பலகை மேல கை வச்சுப் பாத்தேன்டி. அதிருது. உள்ள என்னமோ இருக்கு."

"பூனையோ நாயோ புகுந்திருக்கும்."

"நாய் விட்டு விட்டுத் தட்டுமா? மூணு தட்டு, அப்புறம் சும்மா இருக்கு. அப்புறம் மூணு தட்டு. எனக்குப் பயமா இருக்கு எர்மி. போலீசைக் கூப்பிடட்டுமா?"

"போலீஸ் வந்தா கதவை உடைப்பாங்க. யாரு சரி பண்றது? நான் சொல்றதக் கேளு, பேசாம வீட்டுக்குப் போ. பனியில நின்னு நீ காய்ச்சல்ல விழுந்துடாத."

அவள் நல்லவள். நான் சொன்னால் கேட்பாள். சின்ன வயதிலிருந்து ஒருவரையொருவர் தெரியும். போலீசுக்கு அவள் போனது பிறகு, சத்தம் நின்று, நாயும் ஊளையிடுவதை நிறுத்திய பிறகு. தன்னால்தான் தாமதம் ஆயிற்று என்று அவள் உங்களிடம் அழுதாளாம். அவளை விட்டுவிடுங்கள், ஐயா. அவளுக்குக் காது கேட்காது.

மூன்றாவது தடவை இருக்கிறதே, அதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அந்தப் பக்கம் நடந்ததைத்தான் அவளால் சொல்ல முடியும். இந்தப் பக்கம் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். காலை நேரம். நான் சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு வாங்கப் பேசினாள்.

"உன் வீட்டு ஜன்னல்கிட்டதான் நிக்கறேன். என் காதுதான் பாழாப் போச்சு, என்னால பிரிச்சுப் பாக்க முடியல. காத்துன்னா காத்துன்னு சொல்லிடு, நான் நிம்மதியாப் போறேன். இந்தா, போனைப் பலகையில வைக்கறேன். நீயே கேளு."

அவள் வைத்தாள். உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அமைதி. மலைக்காற்று லேசாக வீசியது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

பலகைக்குப் பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், ஜன்னல் அடியில் தவழ்ந்து வந்து வாயை வைத்துப் பேசுகிற மாதிரி, "எர்மி" என்று கேட்டது. "எர்மி, நான் உன் கூட வரேன். மூட்டை கட்டிட்டேன். கதவைத் திற."

இரண்டு தடவை சொன்னான். கோபமே இல்லை. சின்னப் பிள்ளை சமாதானம் பேசுகிற மாதிரி சொன்னான். எனக்குத் தெரியாத குரலா அது?

சுலேமா போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள். "என்னடி? என்ன அது?"

"பலகையோட கீல்" என்றேன். "துரு ஏறியிருக்கு. அக்டோபர்ல வந்து எண்ணெய் போடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா" என்றேன். அவள் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். நான் தக்காளியை நறுக்கி முடித்தேன்.